யாரும் கூப்பிடாத ஃபைல்

நான் வாங்கிய கைதட்டல்களில் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டால் தேவலை என்று அடிக்கடி தோன்றும். ஆபீஸில் ஒரு ரிவ்யூ மீட்டிங்கில் வாங்கியது அது. 'பில்ட் நேரம் குறைந்தது, பைனரியின் அளவும் குறைந்தது' என்று ஒரு ஸ்லைடு போட்டிருந்தேன். பில்ட் நேரத்துக்காக நான் நிஜமாகவே உழைத்திருந்தேன். பைனரி எப்படிச் சின்னதானது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள், நானும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

கோவையில் எங்களுடையது சின்னக் கம்பெனி. மில்களில் மின்சாரம் எங்கே எவ்வளவு போகிறது என்று கணக்கெடுக்கும் பெட்டி செய்கிறோம். ஸ்பின்னிங் மில் என்றால் கார்டிங், ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர், கம்ப்ரஸர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் பேனலில் ஓர் எனர்ஜி மீட்டர் இருக்கும். எங்கள் பெட்டி ஆர்எஸ்-485 ஒயர் வழியாக அந்த மீட்டர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு யூனிட், வோல்ட், பவர் ஃபேக்டர் எல்லாம் வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பேசுவது மாட்பஸ். 1979-இல் வந்தது, இன்றைக்கும் மில்லுக்கு மில் அதுதான். ஆனால் எல்லா மீட்டரும் மாட்பஸ் பேசினாலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கை வெவ்வேறு ரிஜிஸ்டரில் வைத்திருக்கும். ஒரு மீட்டரில் வோல்ட் இருக்கும் எண்ணில் இன்னொரு மீட்டரில் ஃப்ரீக்வென்சி இருக்கும். அதனால் மாடலுக்கு ஒரு டிரைவர் வேண்டும். டிரைவர் என்றால் இங்கே ஒரு சி++ ஃபைல்.

அந்த டிரைவர்களைச் சேர்க்கும் முறையை வடிவமைத்தவன் நான். வழக்கமாக மெயின் ஃபைலில் ஒரு பட்டியல் வைப்பார்கள்: இந்த மாடலா, இந்த டிரைவர், அந்த மாடலா, அந்த டிரைவர். புது மீட்டர் வந்தால் பட்டியலில் ஒரு வரி கூட்ட வேண்டும். எனக்கு அது அழகாகப் படவில்லை. அதனால் ஒவ்வொரு டிரைவர் ஃபைலின் கடைசியிலும் ஒரு குளோபல் ஆப்ஜெக்ட் வைத்தேன். புரோகிராம் கிளம்பும்போது, மெயின் ஓடும் முன்பே, அதன் கன்ஸ்ட்ரக்டர் ஓடி 'நான் இன்ன மாடலுக்கான டிரைவர்' என்று ஒரு பதிவேட்டில் எழுதிவிடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். ஃபைலைப் போட்டால் போதும், டிரைவர் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கும்போது என் குரலே கொஞ்சம் மாறிவிடும்.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்து வைத்திருந்தேன். பதிவேட்டில் இல்லாத மாடல் கான்ஃபிக் ஃபைலில் வந்தால் பெட்டி நின்றுவிடக் கூடாதே என்று, பொது டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும்படி எழுதியிருந்தேன். லாகில் ஒரு வரி கூடக் கிடையாது. நைட் ஷிப்டில் மில்காரர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்ற அக்கறை. யாருடைய தூக்கத்தின் மேல் அக்கறை என்று கேட்காதீர்கள்.

வருஷங்கள் போகப் போக ஃபைல்கள் பெருகின. பில்ட் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்யும். டீ குடிக்கப் போய்விட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்டேட்டிக் லைப்ரரிகளாகப் பிரித்தேன். கோர் ஒன்று, ரிப்போர்ட் ஒன்று, டிரைவர்கள் ஒன்று. டெஸ்ட்களையும் விடவில்லை, அவற்றுக்கும் ஒரு லைப்ரரி. ஸ்டேட்டிக் லைப்ரரி என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஏஆர் என்ற பழைய யூனிக்ஸ் கருவியால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஒரே ஃபைல். கடைசியில் லிங்கர் அதை எடுத்துப் புரோகிராமோடு இணைக்கும். பிரித்து முடித்துப் பில்ட் கொடுத்தேன். எரர் இல்லை, வார்னிங் இல்லை. டெஸ்ட் பச்சை. பைனரி முன்பைவிடச் சின்னது. மேலே சொன்ன ஸ்லைடு இங்கிருந்து வந்ததுதான்.

அந்த வெர்ஷன் சில மில்களுக்குப் போனது. பல்லடம் பக்கத்து மில் ஒன்றிலிருந்து எங்கள் சர்வீஸ் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, கம்ப்ரஸர் ரூம் மீட்டரு ரெண்டும் தப்பா காட்டுதுங்க. வோல்ட்டு நாப்பத்தொம்போது புள்ளி ஒம்போதுன்னு நிக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நேத்து வரைக்கும் இருந்துச்சுன்னா ஒயரிங்தாங்ணா. ஏ, பி மாத்திக் குடுத்திருப்பாங்க. கடைசி மீட்டர்ல ரெசிஸ்டர் இருக்கான்னும் பாத்துருங்க."

"அப்டீங்களா? சரிங்க தம்பி."

இந்த உரையாடலை நான் பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 49.9 என்ற எண்ணைக் கேட்டால் நம் நாட்டில் எந்த எலெக்ட்ரீஷியனும் ஃப்ரீக்வென்சி என்று சொல்லிவிடுவான், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அவர் எனக்கு விடையையே போனில் படித்துக் காட்டியிருக்கிறார். வோல்ட்டுக்கான கட்டத்தில் ஃப்ரீக்வென்சி வந்தால் ரிஜிஸ்டர் எண் தவறு, அப்படியென்றால் வேறு டிரைவர் ஓடுகிறது என்று அர்த்தம். போதாததற்கு, ஏ-யும் பி-யும் மாறியிருந்தால் ரீடிங்கே வராது, இப்படி நிதானமாக ஒரு தப்பு ரீடிங் வராது. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒயரிங் என்றேன், ஏனென்றால் ஒயரிங் என் மேஜையில் இல்லை.

கம்ப்ரஸரை நிறுத்தினால் ஆட்டோகோனர் நின்றுவிடும், நூலை ஒட்டுவதற்கு அதற்குக் காற்று வேண்டும். அதனால் அவர் மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போய்ப் பேனலைப் பிரித்து, ஒயரையெல்லாம் கழற்றிச் சுரண்டித் திரும்ப முடுக்கியிருக்கிறார். திங்கட்கிழமையும் 49.9. கேபிளையே மாற்றிவிடலாமா என்று கேட்டார். மாற்றிப் பாருங்கள் என்றேன்.

அதே சமயத்தில் ஆபீஸில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் புது மாடல் மீட்டர் ஒன்றுக்கு டிரைவர் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதிவிட்டாள். ரிவ்யூவில் படித்தபோது நன்றாகவே இருந்தது. தேவையான ஃபங்ஷன்களை மற்ற ஃபைல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, தன் வேலையை மட்டும் செய்கிற சுத்தமான ஃபைல். ஆனால் மேஜையில் மீட்டரை வைத்து ஓட்டினால் ரீடிங் கன்னாபின்னாவென்று வந்தது.

"பைட் ஆர்டர் பாரும்மா" என்றேன். பார்த்தாள். ரிஜிஸ்டர் எண்ணை ஒன்று கூட்டியும் குறைத்தும் பார்க்கச் சொன்னேன், மாட்பஸில் அது எல்லோரும் விழுகிற குழி. பார்த்தாள். ஃபங்ஷனுக்குள் பிரின்ட் போட்டாள், ஒன்றும் அச்சாகவில்லை என்று வந்து சொன்னாள். "லாக் லெவல் சரியா வச்சியா? பழைய பைனரி ஓடிட்டு இருக்கும், மறுபடி ஏத்து" என்றேன். ஏற்றினாள். அதன்பிறகு ஃபைலின் நடுவில் வேண்டுமென்றே ஒரு செமிகோலனை எடுத்துவிட்டுப் பில்ட் கொடுத்தாளாம். கம்பைலர் உடனே கத்தியிருக்கிறது.

"பாத்தியா, ஃபைல் பில்ட்ல இருக்கு. அப்ப உன் கோட்லதான் ஏதோ" என்றேன்.

'உன் கோட்' என்று நான் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது எனக்கு இப்போது நினைவிருக்கிறது. அப்போது கவனித்தேனா என்றால், இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீனியர் ஒருத்தன் இவ்வளவு தீர்மானமாகச் சொன்னால் எதிர்த்துக் கேட்கத் தோன்றாது. ராத்திரி வீட்டுக்குப் போயும் அந்த மீட்டரின் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பப் படித்ததாகப் பிற்பாடு சொன்னாள். மேனேஜர் என்னிடம் "அந்தப் பொண்ணு எப்படி, தேறுமா?" என்று கேட்டார். "கொஞ்சம் டைம் எடுக்கும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்தேன்.

ஒரு சாயங்காலம், நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். "அண்ணா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்றாள்.

திரையில் அவளுடைய ரீட் ஃபங்ஷன். அதற்குள் புதிதாக ஒரு வரி, எங்குமே எழுதப்படாத ஒரு ஃபங்ஷனை அது கூப்பிடுகிறது. ஃபைலின் மேலே அதற்கு டிக்ளரேஷன் மட்டும் போட்டிருந்தாள். கம்பைலர் இதை ஒத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் வேறு எங்கேயாவது இருக்கும், கடைசியில் லிங்கர் தேடி எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிடும். லிங்கர் விடாது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று சொல்லி நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும்.

அவள் என்டரைத் தட்டினாள். வரிகள் ஓடின. அவளுடைய ஃபைலின் பெயர் வந்து மேலே போனது. டிரைவர் லைப்ரரி கட்டி முடிந்ததாக ஒரு வரி. அப்புறம் லிங்க். நான் பையைக் கழற்றாமலே குனிந்து, சிவப்பு எழுத்து வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு சதவீதம் என்று வந்தது. கர்சர் அடுத்த வரிக்குப் போய் மின்னிக்கொண்டிருந்தது.

"இல்லாத ஃபங்ஷனக் கூப்பிட்டிருக்கேன். லிங்கர் ஒண்ணுமே கேக்கலீங்ணா" என்றாள். கொஞ்சம் தயங்கி, "என் ஃபைல் உள்ள இருக்குதுங்களா?" என்றாள்.

கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். பைனரியில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று காட்டும் என்எம் கட்டளையைக் கொடுத்து, அவளுடைய கிளாஸ் பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று பெயரில் பாதியை மட்டும் கொடுத்தேன். வரவில்லை. என்னுடைய பழைய டிரைவர் ஒன்றின் பெயரைக் கொடுத்தேன், வரிசையாக வந்து கொட்டியது. பிறகு பைனரியை விட்டுவிட்டு டிரைவர் லைப்ரரியைக் காட்டி அவள் பெயரைத் தேடினேன். அங்கே இருந்தது. கன்ஸ்ட்ரக்டர், ரீட் ஃபங்ஷன், பதிவு செய்யும் ஆப்ஜெக்ட், எல்லாம். லைப்ரரிக்குள் இருப்பது புரோகிராமுக்குள் வரவில்லை.

முதலில் எனக்கு வெட்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம்தான் வந்தது. புதிர் விடுபட்ட சந்தோஷம். பையைக் கீழே போட்டுவிட்டு, மார்க்கரை எடுத்துப் போர்டில் படம் போட்டு அவளுக்கு விளக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

லிங்கர் வேலை செய்கிற விதம் மளிகைக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமான் போடுவது போலத்தான். மெயினும் அதோடு நேரடியாகக் கொடுக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களும் கேள்வி கேட்காமல் உள்ளே வந்துவிடும். அவை கூப்பிட்டு இன்னும் கிடைக்காத பெயர்கள்தான் சீட்டு. லைப்ரரிக்கு வந்ததும், சீட்டில் இருக்கும் பெயர் எந்த ஆப்ஜெக்டில் இருக்கிறதோ அந்த ஆப்ஜெக்டை முழுசாக எடுத்துப் போடும். அது புதிதாகக் கேட்கும் பெயர்கள் சீட்டில் சேரும். சீட்டு காலியானால் வேலை முடிந்தது. சீட்டில் இல்லாத சாமானைக் கடைக்காரர் தொடமாட்டார், அது எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும். லைப்ரரியாகப் பிரிப்பதற்கு முன்பு எங்கள் ஃபைல்கள் எல்லாம் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தன, அதனால் தானாகப் பதிகிற என் வித்தை வேலை செய்தது. பிரித்த பிறகு, வித்தையின் அடிப்படையே அடிபட்டுப்போனது. 'யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்' என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? கூப்பிடாததால்தான் வரவில்லை. உள்ளே வராத ஆப்ஜெக்டுக்குக் கன்ஸ்ட்ரக்டர் எங்கிருந்து ஓடும்? பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. நான் எழுதிய பொது டிரைவர் சத்தமில்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, இத்தன நாளா நான் டீபக் பண்ணிட்டு இருந்தது..?"

"உன் கோட் ஓடவே இல்லம்மா."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் மார்க்கரை மூடினேன்.

என் பழைய டிரைவர்கள் மட்டும் எப்படி உள்ளே வந்தன என்று அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். லிங்கரிடம் கேட்டால் மேப் ஃபைல் என்று ஒன்று எழுதித் தரும். எந்த ஆப்ஜெக்ட் உள்ளே வந்தது, யார் எந்தப் பெயரைக் கூப்பிட்டதால் வந்தது என்று அதன் முதல் பக்கத்திலேயே வரிசையாக இருக்கும். அதுவரை எங்கள் பில்டில் அதைக் கேட்டதே இல்லை. படிக்கப் படிக்க உடம்பு கூசியது. ஒரு டிரைவர் ஃபைலில் நான் அவசரத்துக்கு சிஆர்சி கணக்கை எழுதி வைத்திருந்தேன், மற்ற எல்லோரும் அதைக் கூப்பிட்டார்கள், அதனால் அந்த ஃபைல் வந்தது. இன்னொன்றில் தேதியை மாற்றும் ஃபங்ஷன் ஒன்று கிடந்தது, ரிப்போர்ட் பகுதி அதைக் கூப்பிட்டது. இப்படி, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கக் கூடாததைப் போட்டு நான் குழப்பிய ஃபைல்கள் ஒவ்வொன்றும் அந்தக் குழப்பத்தின் புண்ணியத்தில் பிழைத்திருந்தன. ஒழுங்காக எழுதிய அவளுடைய ஃபைல் வெளியே நின்றது. அவள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை.

அப்படியென்றால் நானே என்றைக்காவது ஒழுங்காக எழுதியவை? அவையும் போயிருந்தன. பழைய டிரைவர்களில் இரண்டு பைனரியில் இல்லை. அதில் ஒன்று பல்லடம் மில்லின் கம்ப்ரஸர் ரூம் மீட்டர்களுக்கானது. ஸ்லைடில் நான் காட்டிய அளவுக் குறைவில் அதுவும் அடக்கம்.

டெஸ்ட் எப்படிப் பச்சை காட்டியது? நாங்கள் பயன்படுத்துவது கூகுள்டெஸ்ட். அதில் ஒவ்வொரு டெஸ்டும் குளோபல் ஆப்ஜெக்ட் வழியாகத்தான் தன்னைப் பதிந்துகொள்ளும், என் டிரைவர்களைப் போலவே. டெஸ்ட்களையும் நான் லைப்ரரி ஆக்கியிருந்தேன். ஆகவே அவையும் உள்ளே வரவில்லை. பச்சை எழுத்தில் 'பாஸ்டு' என்றும் பக்கத்தில் '0 டெஸ்ட்' என்றும் இருந்திருக்கிறது. நிறத்தைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. டெஸ்ட்களை லைப்ரரிக்குள் போட்டால் ஓடாமல் போகலாம் என்று விஷுவல் சி++ ஆட்களுக்காகக் கூகுள்டெஸ்ட் கையேட்டில் ஓர் எச்சரிக்கையே எழுதியிருந்தார்கள். நாங்கள் லினக்ஸ், அது நமக்கு இல்லை என்று தாண்டிப் போயிருப்பேன்.

லிங்கர் மேல் பழி போட வழியே இல்லை. அது ஐம்பது வருஷமாக இப்படித்தான். ஏஆரும், எல்டி என்ற லிங்கரும் 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே உண்டு. மெமரி கிலோபைட் கணக்கில் இருந்த காலம். ஒரு வரி அச்சடிக்கிற புரோகிராமுக்கு லைப்ரரி முழுவதையும் இழுத்துக்கொண்டு வந்தால் மெஷினில் வேறொன்றுக்கும் இடம் இருக்காது. கேட்டதை மட்டும் எடு என்பது அன்றைக்கு வைத்த நியாயமான விதி, இன்றைக்கும் அது நியாயம்தான். ஜான் லெவின் 1999-இல் எழுதிய 'லிங்கர்ஸ் அண்ட் லோடர்ஸ்' புத்தகத்தில் லைப்ரரிகளுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. அந்தப் புத்தகம் என் அலமாரியில், வீடியோ காலில் பின்னால் தெரிகிற மாதிரியான இடத்தில், ரொம்ப நாளாக இருந்தது.

சரி செய்யப் போய் அடுத்தடுத்து விழுந்ததையும் சொல்கிறேன். மறுநாள் காலையில் அவசரத்துக்கு, அவள் ஃபைலில் ஒன்றும் செய்யாத ஒரு ஃபங்ஷனை எழுதி மெயினிலிருந்து கூப்பிட்டேன். வேலை செய்தது, பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு 'ஹோல்-ஆர்க்கைவ்' என்ற ஆப்ஷனைக் கண்டுபிடித்தேன். குனு லிங்கரில் ஒரு லைப்ரரியின் பெயருக்கு முன்னால் அதைப் போட்டால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த லைப்ரரி முழுசாக உள்ளே வரும். அதை 'நோ-ஹோல்-ஆர்க்கைவ்' போட்டு மூட வேண்டும். மூடாவிட்டால் ஜிசிசி கம்பைலர் தன் பங்குக்குக் கடைசியில் சேர்க்கிற லைப்ரரிகளுக்கும் அது பொருந்திவிடும். கையேட்டில் இதை எச்சரித்தே எழுதியிருக்கிறார்கள். நான் மூடவில்லை, ஒரு அரை நாள் அதில் போனது. மூடிய பிறகு 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று வந்தது. லைப்ரரியாகப் பிரித்த பிறகு எப்போதோ பரீட்சார்த்தமாக எழுதி மறந்துபோன ஒரு ஃபைலில் அதே சிஆர்சி ஃபங்ஷன் இன்னொரு தடவை இருந்திருக்கிறது. இதுவரை யாரும் கூப்பிடாததால் அந்த ஃபைலும் வெளியிலேயே கிடந்தது, சண்டை தெரியவில்லை.

இதே வசதி எல்லா ஊரிலும் உண்டு. ஆப்பிளின் லிங்கரில் ஃபோர்ஸ்-லோட். மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஸ்டுடியோ 2015-இன் இரண்டாம் அப்டேட்டில் ஹோல்-ஆர்க்கைவைக் கொண்டுவந்தது. பில்ட் கருவிகளில், பேசலில் ஆல்வேஸ்லிங்க். சிமேக் 2022-இல் வந்த 3.24 வெர்ஷனில்தான் இதற்கு முறையான எழுத்து வடிவம் கொடுத்தது, அதுவரை ஆளாளுக்கு ஒரு குறுக்கு வழி. ஊரெல்லாம் விழுந்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

இத்தனை பட்ட பிறகு மறுபடி மாட்டமாட்டேன் என்றுதான் நினைத்தேன். எங்களிடம் சின்ன போர்டு ஒன்றும் உண்டு. அதில் லினக்ஸ் கிடையாது, மைக்ரோ கன்ட்ரோலர் மட்டும். அதில் இடம் குறைவு என்பதால், யாரும் பயன்படுத்தாத பகுதிகளை வெட்டித் தள்ளும் 'ஜிசி-செக்‌ஷன்ஸ்' போட்டிருந்தோம். டிரைவர் அட்டவணையைத் தனி செக்‌ஷனில் வைத்து, 'யூஸ்ட்' என்ற அட்ரிபியூட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அட்டவணை காணாமல் போனது. 'யூஸ்ட்' கம்பைலரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், லிங்கருக்கு அது ஒரு பொருட்டில்லை. லிங்கருக்கும் சேர்த்துச் சொல்கிற 'ரீடெய்ன்' 2021-இல் ஜிசிசி 11-இல்தான் வந்தது, எங்களுடையது அதற்கு முந்தையது. லிங்கர் ஸ்கிரிப்டில் 'கீப்' என்று எழுதிக் காப்பாற்றினோம்.

அந்த போர்டிலேயே இன்னொன்று. இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒன்றை லைப்ரரிக்குள் நகர்த்தியதும் போர்டு உறைந்துபோனது. ஸ்டார்ட்-அப் ஃபைலில் எல்லா ஹேண்ட்லருக்கும் ஒரு 'வீக்' டெஃபினிஷன் இருக்கும், முடிவில்லாமல் சுற்றுகிற வெறும் லூப். உண்மையான ஹேண்ட்லர் வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. ஆனால் வீக்கோ என்னவோ, பெயருக்கு ஒரு டெஃபினிஷன் கிடைத்துவிட்டால் சீட்டில் அந்தப் பெயர் இருக்காது. லிங்கர் லைப்ரரியில் தேடாது. உண்மையான ஹேண்ட்லர் லைப்ரரிக்குள்ளேயே கிடக்க, போர்டு லூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எனக்கு முன்னால் மேப் ஃபைலைத் திறந்து கண்டுபிடித்ததும் அவள்தான்.

கடைசியில் டிரைவர் விஷயத்தில் என்ன செய்தோம் தெரியுமா? நான் அழகில்லை என்று ஒதுக்கிய பட்டியலை எழுதினோம். ஒரே ஒரு ஃபங்ஷன், அதில் ஒவ்வொரு டிரைவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு வரி. புது மீட்டர் வந்தால் ஒரு வரி கூட்ட வேண்டும். பெயர் இருந்து ஃபைல் இல்லையென்றால் லிங்கரே கத்தும். படிக்கச் சலிப்பாக இருக்கும், யாரிடமும் காட்டிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பொது டிரைவரை அடியோடு எடுத்துவிட்டோம். கான்ஃபிக்கில் தெரியாத மாடல் வந்தால் பெட்டி மாடலின் பெயரைச் சொல்லி, திரையில் சிவப்பாக எழுதி, அந்த மீட்டரைப் படிக்க மறுத்துவிடும். நைட் ஷிப்டில் எனக்கு இரண்டொரு போன் வந்திருக்கிறது, வரட்டும். டெஸ்ட் எண்ணிக்கை பூஜ்யமானால் பில்ட் தோற்க வேண்டும் என்றும் எழுதி வைத்தோம். பைனரி மறுபடியும் பெரிதாகிவிட்டது.

அடுத்த ரிவ்யூவில் அதற்கு ஒரு ஸ்லைடு போட்டேனா என்றால், போட்டேன். 'பைனரி அளவு பழையபடி' என்று சின்ன எழுத்தில். யாரும் தட்டவில்லை. மேனேஜரிடம் தனியாகப் போய், அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொன்னது தப்பு, தாமதம் என்னால் வந்தது என்று சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் சொன்னபோது, "பரவால்லீங்ணா" என்றாள். ஆனால் அதன்பிறகு நான் எதையாவது தீர்மானமாகச் சொன்னால், ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்எம் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பழக்கத்தை நான் தடுக்கவில்லை.

பல்லடம் மில்லுக்குப் புது வெர்ஷனை நெட் வழியாகவே அனுப்பினோம், ரீடிங் சரியாகிவிட்டது. இடையில் போன நாட்களின் கம்ப்ரஸர் கணக்கு போனது போனதுதான், அந்த மாதம் இ.பி. பில்லோடு ஒத்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை. சர்வீஸ் அண்ணன் புதுக் கேபிள் போட்டதால்தான் சரியானது என்று மில்லில் இன்னும் நம்புகிறார்கள். அவரும் அப்படித்தான் நம்புகிறார். இதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அண்ணா, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் முதலில் போட்டிருந்த ஒயரிங்கில் ஒரு தப்பும் இல்லை.